யாருடைய சர்க்கரை

மாலை ஆறு நாற்பது. மாதனூர் நிறுத்தத்தில் ஷூ கம்பெனி பஸ் நின்றதும் முதலில் கண்ணில் பட்டது, இறங்கிய மனைவியின் இடது கையில் இருந்த வெள்ளைக் கவர். வழக்கமாக அந்தக் கையில் டிபன் பை இருக்கும். அன்று பை தோளுக்குப் போயிருந்தது. கவரைப் பாதிக்கு மேல் துப்பட்டாவுக்குள் சொருகி வைத்திருந்தாள்.

"இன்னா கவர்?"

"ஒண்ணுமில்ல. புதன்கிழமை கம்பெனில மெடிக்கல் கேம்ப் போட்டாங்க இல்ல, அந்த ரிப்போர்ட்."

பைக்கில் வீடு வந்து சேர்ந்தோம். உள்ளே போனதும் கவரை ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். நான் எடுத்துப் பிரித்தேன்.

ஒரு நாளிதழின் வேலூர் அலுவலகத்தில் பதினாறு வருடமாக இருக்கிறேன். முதலில் நிருபர், இப்போது டெஸ்க். அடுத்தவர் அனுப்பும் செய்தியில் எண்களைச் சரிபார்ப்பது வேலை. அதனால் எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத எண்களிடம்தான் கண் முதலில் போகும். அந்த ரிப்போர்ட்டில் ரத்த அழுத்தம் சரி. விரலில் குத்தி எடுத்த ரத்தச் சர்க்கரை தொண்ணூற்று நான்கு. அதுவும் சரி. கீழே சிறுநீர் என்ற கட்டத்தில் சர்க்கரைக்கு நேராக இரண்டு பிளஸ், புரதத்துக்கு நேராக ஒரு பிளஸ். ஓரத்தில் சிவப்பு மையில், 'மருத்துவரை அணுகவும்.'

ரத்தத்தில் இல்லாத சர்க்கரை சிறுநீரில் எப்படி வந்தது?

"மெஷின் சரியில்லையாம். பஸ்ல எல்லாரும் அதான் பேசிக்கினு வந்தாங்க" என்றாள் அடுப்படியிலிருந்து. நான் கேட்பதற்கு முன்பே பதில் வந்ததை அப்போது கவனித்தேன். காரணம் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் அலுவலகத்தில், எனக்குத் தெரிந்த ஒரு லேப்காரரிடம் போனில் கேட்டேன். "ரத்தத்துல நார்மல்னா சுகர் வியாதி இல்ல சார். கிட்னில இருக்குற சின்னக் குழாய்ங்கள பாக்கச் சொல்லுவாங்க" என்றார். "அது இன்னாத்தால கெடும்?" என்றேன். "மாத்திரை, நாட்டு மருந்து, சில உலோகம்" என்றார். கடைசிச் சொல் காதிலேயே நின்றது.

பாலாற்றுக் கரையில் தண்ணீரைப் பற்றி எழுதியே பாதி உத்தியோகம் கழிந்திருக்கிறது. தோல் பதனிடும் ஷாப்புகள், அவற்றின் கழிவு இறங்கிய கிணறுகள், கலெக்டர் ஆபீஸ் மனுக்கள். 'சிறுநீரகப் பாதிப்பு ஏற்படும் அபாயம்' என்ற வரியை எத்தனை முறை தட்டியிருப்பேனோ தெரியாது. அது செய்தியின் ஐந்தாவது பத்தியில் வரும் வரி. இடம் போதவில்லை என்றால் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். அன்று மாலை வீட்டு போர் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. தெளிவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கீழே ஊற்றினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து பத்து வருடம் அவள் குடித்த தண்ணீர் அது. குடிக்கக் கேன் வாங்க ஆரம்பித்ததே போன வருடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். குழி விழவில்லை. முகம் வீங்கியிருக்கிறதா என்று போன மாதம் எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டேன். அவள் எத்தனை முறை எழுந்து போகிறாள் என்று எண்ணினேன். மத்தியானம் வரை ஒரே ஒரு முறை.

"இன்னா பாக்கறீங்க? நான் பாத்ரூம் போறதையும் பேப்பர்ல போடப் போறீங்களா?"

"நாளைக்கு லீவு போடு. ஆஸ்பத்திரி போறோம்."

"மெஷின் பேஜார்னு சொல்றேன் இல்ல."

"பேஜாரா இருந்தா நல்லதுதான். அதையாவது தெரிஞ்சிக்கினு வருவோம்."

கத்தியைக் கீழே வைத்தாள். சண்டைக்கு வரப்போகிறாள் என்று நினைத்தேன். வரவில்லை. "சரி" என்றாள். அந்த ஒற்றைச் சொல்தான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. பதினோரு வருடத்தில் ஆஸ்பத்திரிக்கு அவள் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை காலை வேலூர். டாக்டர் முப்பது வயதுகூட இருக்காத பெண். ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துவிட்டு ஒரு காகிதத்தைத் திருப்பிப் போட்டு வரைய ஆரம்பித்தார். ஒரு உருண்டை. அதிலிருந்து கிளம்பும் ஒரு குழாய். வளைந்து, கொண்டை ஊசி மாதிரி கீழே இறங்கி ஏறி, மறுபடி வளைந்து ஒரு பெரிய குழாயில் சேர்ந்தது.

"ஒரு கிட்னில இந்த மாதிரி லட்சக்கணக்குல இருக்கும்மா. ரத்தம் இந்த உருண்டைக்கு வந்து வடியுது. ஒரு நாளைக்கு நூத்தியெண்பது லிட்டர்."

"நூத்தியெண்பதா? எங்க வீட்டு டிரம்மே நூறு லிட்டர்தான்" என்றாள் மனைவி.

"ஆமா. ஆனா நீங்க யூரின் போறது ஒன்றரை லிட்டர். மிச்சத்தை எல்லாம் இந்தக் குழாய் திருப்பி ரத்தத்துக்கே அனுப்பிடுது. முதல் வளைவுலயே முக்கால்வாசி வேலை முடிஞ்சிடும். சர்க்கரை மொத்தமும், உப்பு, தண்ணில பெரும்பகுதி, எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட், எல்லாம் இங்கதான் திரும்புது. கடைசிப் பகுதி, உடம்புல தண்ணி கம்மியா ஜாஸ்தியான்னு பாத்து அதுக்குத் தக்கபடி பிடிச்சிக்கும், இல்ல விட்டுடும்."

மனைவி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க கம்பெனி கேட்ல சாயந்தரம் பையைக் கொட்டிக் காட்டணும் மேடம். டிபன் பாக்ஸு, சீப்பு, சில்லறை எல்லாத்தையும் நாமளே திருப்பிப் பொறுக்கி உள்ள போட்டுக்கணும். பஸ் கிளம்புற அவசரத்துல ஏதாச்சும் டேபிள் மேலயே போயிடும்."

டாக்டர் சிரித்தார். "அதேதான். ரத்தத்துல சர்க்கரை ஜாஸ்தியானா, பொறுக்க முடியாம வழியும். அது சுகர் வியாதி. உங்களுக்கு ரத்தத்துல சரியா இருக்கு. அப்ப, குழாய் பொறுக்காம டேபிள் மேலயே விட்டுட்டுப் போகுதுன்னு இந்த ரிப்போர்ட் சொல்லுது. குழாய்க்கு இன்னொரு வேலையும் இருக்கு. உருண்டைல வடியாம ரத்தத்துலயே தங்கிட்ட சில கழிவு, நாம போடுற மாத்திரை, அமிலம், பொட்டாசியம், இதையெல்லாம் குழாயோட சுவர் இழுத்து உள்ள தள்ளும். உள்ள இருக்கறதை எடுக்கறதும் வெளிய இருக்கறதைத் தள்ளறதும் ஒரே சுவர்தான். அது கெட்டா ரெண்டும் கெடும்."

"கெட்டா?" என்று நான் கேட்டேன்.

"மொதல்ல எலும்பு வலி, சோர்வு. யூரின் அடிக்கடி போகும், தண்ணியைப் பிடிச்சு வைக்கத் தெரியாது. கவனிக்காம விட்டா மெல்ல மொத்த கிட்னியும் போகலாம். எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாம். ரத்தமும் குடுங்க." ஒரு பிளாஸ்டிக் கப்பை அவளிடம் நீட்டினார்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, கழிவறை வாசலில் இருந்த பெஞ்சில் கப்போடு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும். எழுத மாட்டேன்னு சொன்னாத்தான் சொல்வேன்."

"சொல்லு."

"எழுத மாட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன்.

"அன்னிக்கு கேம்ப்ல குடுத்தது என்னுது மட்டும் இல்ல."

அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். தையல் லைனில் முப்பத்திரண்டு பெண்கள். கழிவறைக்குப் போக லைனுக்கு ஒரே ஒரு கார்டு. சூப்பர்வைசர் மேஜை ஓரம் ஆணியில் தொங்கும். யாராவது எடுத்துக்கொண்டு போனால் அவர் திரும்பும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். அதனால் காலையில் பஸ் ஏறியதிலிருந்து யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. பத்து மணி டீயைக்கூட முழுதாகக் குடிக்காமல் இரண்டு பேர் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். இது எனக்குத் தெரியாது. பதினோரு வருடமாக அவள் கொண்டு போன தண்ணீர் பாட்டில் பாதிக்கு மேல் மிச்சத்தோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

கேம்ப் நாளில் பதினோரு மணிக்குப் பத்துப் பத்துப் பேராக அழைத்தார்கள். கப்பைக் கையில் கொடுத்து, பத்து நிமிடத்துக்குள் வர வேண்டும் என்றார்கள். யாருக்கும் வரவில்லை. என் மனைவிக்குக் கப்பின் அடியில் கொஞ்சம், டீ டிகாக்ஷன் நிறத்தில். பக்கத்து மெஷினில் தைக்கும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு மட்டும் கப் நிறைய, தண்ணீர் மாதிரி வெளுப்பாக.

"அந்த அக்காவை நாங்க மோட்டார்னு கூப்பிடுவோம். எப்பவும் கார்டு அவங்ககிட்டதான் இருக்கும். 'மோட்டார் போட்டாச்சுடி'ன்னு சிரிப்போம். அன்னிக்கு என் கப்பைப் பாத்துட்டு, 'இன்னாடி இது, சொட்டு மருந்தா? நர்ஸு தொரத்தி வுட்ரும், குடு இப்டி'ன்னு வாங்கி, அவங்க கப்புல ஊத்தி, டீயைப் பங்கு போடுற மாதிரி ரெண்டு கப்புலயும் மாத்தி மாத்தி ஊத்தி சமம் பண்ணாங்க. கப்புல ஒட்டின நம்பர் எனக்கு அறுபத்தொண்ணு, அவங்களுக்கு அறுபத்திரெண்டு."

"அவங்க ரிப்போர்ட்?"

"அச்சு அசலா இதே மாதிரி. ரெண்டு பிளஸ், ஒரு பிளஸ். ரத்தத்துல நூத்தி ஒண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்துருக்கு பாரு, அப்ப மெஷின்தான் பேஜார்னு அவங்கதான் பஸ்ல எல்லாருக்கும் சொன்னாங்க. ரெண்டு பேருதும் ஒண்ணா கலந்ததுன்னு அவங்களுக்கு ஞாபகமே இல்ல. எனக்கு இருந்துச்சு."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட சொன்னா நாளைக்கு பேப்பர்ல வந்துடும். லைன்ல யாரு சொன்னதுன்னு தேடுவாங்க. மொதல்ல அந்த அக்கா வேலைதான் போகும். ஏற்கெனவே கார்டு ஜாஸ்தி எடுக்கறாங்கன்னு ரெண்டு தடவை பேரு எழுதிட்டாங்க." கொஞ்ச நேரம் கப்பைச் சுற்றினாள். "அதோட, அது என்னுதாவும் இருக்கலாம் இல்ல?"

பிறகு பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தாள். இருபது நிமிடம் கழித்து எழுந்து போனாள்.

முடிவு மூன்று மணிக்கு மேல் என்றார்கள். மாடிப்படிக்குக் கீழே சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. ஏதேதோ மொழிகள். மூன்று நாளாக நான் வேண்டிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: அவள் சிறுநீரில் ஒன்றும் இருக்கக்கூடாது. இப்போதும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வேண்டுதலுக்கு இன்னொரு முனை முளைத்திருந்தது. கலந்தது இரண்டு பேருடையது. இவளுடையதில் இல்லை என்றால் அது இருப்பது ஒரே ஒரு இடத்தில்தான். டாக்டர் சொன்னதை மனதுக்குள் திரும்ப ஓட்டினேன். தண்ணீரைப் பிடித்து வைக்கத் தெரியாது. முப்பத்திரண்டு பெண்களும் தண்ணீர் குடிக்காமல் காய்ந்து கிடக்கும்போது ஒருத்திக்கு மட்டும் கப் நிறைய வெளுப்பாக வந்திருக்கிறது. அவளும் அன்று குடித்தது பாதி டீதான்.

இதை மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் சொன்ன அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது.

"அவங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரிசு பிளஸ் ஒன்."

மூன்று இருபதுக்குக் கூப்பிட்டார்கள். சிறுநீரில் சர்க்கரை இல்லை. புரதம் இல்லை. ரத்தத்தில் பாஸ்பேட் சரி. சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியேட்டினின் 0.7. ஒன்றுக்குக் கீழே இருந்தால் பெண்களுக்கு நல்லது என்றார் டாக்டர். "பழைய ரிப்போர்ட் எப்படி வந்துதுன்னுதான் புரியல."

மனைவி சொன்னாள். கார்டைப் பற்றிச் சொல்லவில்லை, கப்பைப் பற்றி மட்டும். டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவங்களுக்குக் கால் வலி இருக்கா?" என்று கேட்டார்.

"லைன்ல எல்லாருக்கும்தான் மேடம் கால் வலி."

"உக்காந்து எழுந்திருக்கும்போது கையை ஊனித்தான் எழுந்திருப்பாங்களா?"

மனைவி என்னைப் பார்த்தாள். பயத்தில் அவள் முகம் வெளுத்து நான் பார்த்தது அப்போதுதான். தன் ரிப்போர்ட்டைப் படித்தபோதுகூட அப்படி ஆகவில்லை.

"சீக்கிரம் கூட்டிக்கினு வாங்க" என்றார் டாக்டர்.

அந்த அக்கா வீடு பள்ளிகொண்டா பக்கம். அன்று மாலை பஸ் அவளை இறக்கிவிட்டுப் போன கால் மணி நேரத்தில் நாங்கள் வாசலில் நின்றோம். சுவரோரம் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்கண்ணா, வாங்க. இன்னாடி, லீவு போட்டுட்டு ஊர் சுத்தறியா? சூப்பர்வைசரு உன் மெஷினைப் பாத்துப் பாத்து அழுதாரு." சொல்லிக்கொண்டே எழுந்தாள். ஒரு கையைச் சுவரில் வைத்து, இன்னொன்றை முட்டியில் ஊன்றி, மெல்ல மெல்லத் தன் உடம்பைத் தானே தூக்கி நிறுத்துகிற மாதிரி எழுந்தாள். மனைவி அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, ஆஸ்பத்திரி போனேன். எனக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

"நான்தான் சொன்னேனே. மெஷினு."

"மெஷின் இல்லக்கா. நாம கலந்தோம் இல்ல."

அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது; கண்ணில் மட்டும் இல்லை. கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. நான் மாடிப்படிக்குக் கீழே போட்ட அதே கணக்கு. எனக்கு ஆன நேரம் அவளுக்கு ஆகவில்லை.

"அப்போ என்னுதா?"

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் எட்டிப் பார்த்து, "சவுண்டைக் கம்மி பண்ணுடி" என்று மகளிடம் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இன்னாவா இருக்கும்?"

டாக்டர் வரைந்த காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்ததை, தெரிந்த அளவுக்கு மட்டும் சொன்னேன். சிறுநீரகம் எல்லாவற்றையும் வடித்துவிட்டு வேண்டியதைத் திருப்பி எடுக்கும், அந்த எடுக்கும் வேலை சரியாக நடக்கவில்லையோ என்று சந்தேகம், டெஸ்ட் செய்தால்தான் தெரியும் என்றேன். எலும்பைப் பற்றிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருவதைப் பற்றியும் சொல்லவில்லை. ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். கால் வலிக்கு ஒரு வருடமாக ஒரு பொடி சாப்பிடுவதாகச் சொன்னாள். சந்தையில் வாங்கியது, பேர் எழுதாத பாக்கெட். குடிப்பது வீட்டு போர் தண்ணீர். இரண்டையும் மனதில் குறித்துக்கொண்டேன். அவற்றில் எது என்றோ, இரண்டுமே இல்லையென்றோ சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

"கம்பெனிக்குத் தெரிஞ்சிடுமாண்ணா?"

"நாங்க சொல்ல மாட்டோம்."

"நீங்க பேப்பர்காரரு."

"எழுத மாட்டேன்."

"தண்ணி குடிக்காம இருந்தா கம்மியா வரும்னுதான் நானும் குடிக்காம இருந்தேன். அப்பவும் வந்துக்கினே இருந்துச்சு. எனக்கு மட்டும் ஏன் இப்டின்னு வெக்கமா இருக்கும். அதுக்குத்தான் மோட்டாருன்னு நீங்கல்லாம் சொல்லும்போது நானும் சேந்து சிரிச்சிடறது." மனைவியைப் பார்த்துச் சொன்னாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவர் விரலிலும் பசைக் கறை ஒரே இடத்தில் இருந்தது.

செவ்வாயும் புதனும் அந்த அக்கா வேலைக்குப் போனாள். ஆர்டர் அனுப்பும் வாரம், லீவு கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் மாலையில் மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அவங்க இன்னிக்கு எப்படி இருந்தாங்க? அவள் சொன்ன பதிலும் ஒன்றுதான்: தண்ணி குடிச்சாங்க, நாலு தடவை கார்டு எடுத்தாங்க, யாரும் சிரிக்கல.

இதை எழுதலாம் என்று அந்த அக்காவே பிறகு ஒருநாள் சொன்னாள், கம்பெனி பேரும் ஆள் பேரும் இல்லாமல்.

வியாழக்கிழமை இருவரும் லீவு போட்டார்கள். நான் கூடப் போனேன். அக்கா தனியாக உள்ளே போய், தனியாகக் கப்பை நிறைத்து, மூடி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். பொடி பாக்கெட்டையும், பாட்டிலில் வீட்டுத் தண்ணீரையும் கொண்டுவந்திருந்தாள். டாக்டர் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். மத்தியானம் மூன்று பேரும் இட்லி சாப்பிட்டோம். அவள் என் மனைவியிடம் லைனில் புதிதாக வந்திருக்கும் மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஊசி அடிக்கடி உடைகிறதாம்.

மூன்று நாற்பதுக்கு ரிப்போர்ட் வந்தது. கவுண்டரில் என் கையில்தான் கொடுத்தார்கள். நின்ற இடத்திலேயே படித்தேன். ரத்தச் சர்க்கரை தொண்ணூற்று எட்டு. சிறுநீரில் சர்க்கரை மூன்று பிளஸ். பாஸ்பேட் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே. ஒன்றைத் தாண்டக்கூடாத கிரியேட்டினின் 2.6.